எண்ணிக்கைதான் கூடிவிட்டதே, இன்னும் என்ன வேலை?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் தெரியும்படி சொல்லிவிடுகிறேன். உங்கள் கோயில் இளைஞர் குழுவிடம் காவடிக்குத் திரட்டிய பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னாராம். உடனே இன்னொருவர், "இளஞ்சிவப்புப் புறா நானூறைத் தாண்டிவிட்டது, கிளி எழுநூறைத் தாண்டிவிட்டது, வல்லூறு தேசியப் பறவையே ஆகிவிட்டது. காப்பாற்றி முடித்தபிறகு அவர்களுக்கு என்ன வேலை, நம் பணம் எதற்கு?" என்று கேட்டாராம். என்னிடம் பதில் கேட்டிருக்கிறீர்கள்.

கொடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் கேட்டவர் தப்பாகக் கேட்டுவிடவில்லை. அந்த எண்ணிக்கைகள் உண்மைதான். அவை எதன்மேல் நிற்கின்றன என்பதைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நான் தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாஹேபூர்க்காரி. முப்பது வருடம் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வருடா வருடம் பிள்ளைகளைப் படகில் ஏற்றி எதிரே இருக்கும் தீவுக்குக் கூட்டிப்போவேன். ஓய்வு பெற்றபின் அதே தீவில் களை பிடுங்கவும் நாற்று நடவும் போய்வருகிறேன். அறிவியல் படித்தவள் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களோடு பல வருடம் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வல்லூறிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்கள் நண்பருக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. 1974இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்த வல்லூறுகள் நான்கே நான்கு. காடு அழிந்தது ஒரு காரணம். மலேரியாக் கொசுவுக்கும் பயிருக்கும் அடித்த டி.டி.டி. இன்னொன்று. அந்த மருந்து உடம்பில் சேர்ந்தால் இந்த இனப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கிப்போகும். மிச்சத்தைக் கீரியும் பூனையும் குரங்கும் பார்த்துக்கொண்டன. போதாக்குறைக்கு ஊர்ச் சனம் இதற்கு எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் வைத்த பெயர் "மான்ஜேர் த பூல்", அதாவது கோழிதின்னி. என் பாட்டியும் அப்படித்தான் சொல்வாள். பாவம், அது பெரும்பாலும் பிடித்துத் தின்பது மரத்தில் ஓடும் பச்சைப் பல்லியை.

1979இல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வேல்ஸிலிருந்து இங்கே வந்தார். காட்டுக் கூட்டில் இட்ட முதல் முட்டைகளை எடுத்துவந்து, கருவியில் வைத்துப் பொரிக்கவைத்தார். முட்டை போனதும் தாய்ப்பறவை மறுபடி இடும். ஓர் ஈடு போடவேண்டிய இடத்தில் இரண்டு ஈடு. குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார்கள், காட்டில் விட்டபிறகும் தீனி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பாறைப் பொந்துக்குப் பதிலாகப் பெட்டி வைத்தார்கள். இங்கிலாந்துக்குத் தெற்கே ஜெர்சித் தீவில் ஜெரால்ட் டரல் நிறுவிய விலங்குக் காப்பகமும் எங்கள் அரசாங்கமும் துணைநின்றன. 1984இல் அறக்கட்டளை உருவானது. 1990களின் நடுப்பகுதிக்குள் 300க்கு மேற்பட்ட வல்லூறுகளைக் காட்டில் விட்டிருந்தார்கள். நான்கு எங்கே, முந்நூறு எங்கே. உலகமே பாராட்டியது.

இனி இது தானே பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி, வளர்த்து விடுவதை அப்போது நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கிழக்கே பம்பு மலைப்பக்கம் இருந்தவை ஓரளவு நிலைத்தன. மேற்கே பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பக்கம் எண்ணிக்கை சரிந்தது. மொக்கா மலைத்தொடரில் விட்ட கூட்டம் அடியோடு போய்விட்டது. அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் ஒரு படி இறங்கியிருந்த பறவையை 2014இல் மறுபடி மேலே ஏற்றவேண்டியதாயிற்று. 2022இல் அதைத் தேசியப் பறவையாக அறிவித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மேற்குப்பக்கத்து எண்ணிக்கை என் நினைவை விட்டுப் போகவில்லை.

புறாவின் கதை வேறு மாதிரி. 1990 வாக்கில் காட்டில் ஒன்பது பத்துதான் மிச்சம். இன்று நானூறு ஐந்நூறு இருக்கின்றன, 2018இல் ஆபத்துப் பட்டியலிலும் இறங்கிவிட்டது. இப்போது காட்டுக்குள் போய்ப் பாருங்கள். மரத்தடியில் தீனிப் பெட்டி, அதில் கோதுமையும் சோளமும். விடிந்தும் விடியாமலும் ஒருவர் அதை நிரப்புகிறார். இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு புறாவின் காலிலும் உள்ள வண்ண வளையத்தைப் பார்த்து எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்று எழுதுகிறார். நாட்டுக் காட்டில் அவற்றுக்கு வருடம் முழுக்கக் காயும் பூவும் கிடைக்காது. அதனால்தான் இந்தத் தீனி. தீனி வைத்தால் வெளியிலிருந்து வந்த மற்றப் புறாக்களும் கூடும், தொண்டையில் வரும் தொற்றுநோய் அவற்றிலிருந்து இவற்றுக்கு ஒட்டும். குஞ்சுகள் அதில் நிறையச் சாகின்றன. ஆகவே வைத்துவிட்டுப் போய்விட முடியாது, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இதைவிடக் கவலை தரும் விஷயம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது பத்துப் பறவைகளிலிருந்து பெருகிய கூட்டம் என்றால் எல்லாம் நெருங்கிய சொந்தம். நம்மில் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டினால் என்ன வரும் என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதே கதைதான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க, உள்ளே மரபணுவில் பழுதும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இப்படியே விட்டால் இன்னும் 50 முதல் 100 ஆண்டுகளில் காட்டுப் புறா அழிந்துபோகலாம் என்றும், ஐரோப்பிய விலங்குக் காப்பகங்களில் உள்ள வேறு வழிவந்த இதே இனப் புறாக்களைக் கொண்டுவந்து கலக்கவேண்டும் என்றும் 2022இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நானூறு என்ற எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை.

கிளியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கு இதில் குழப்பம். கோயில் கோபுரத்திலும் கம்பியிலும் உட்கார்ந்து கத்துகிற கிளி இந்த ஊர்க் கிளி இல்லை. அது நம் முன்னோரைப்போல் கடல் கடந்து வந்த இந்தியக் கிளி. இந்த மண்ணின் கிளி காட்டுக்குள் இருக்கிறது, கொஞ்சம் தடித்த உடம்பு, குரலும் வேறு. அது முட்டையிட வயதான பெரிய மரத்தின் பொந்து வேண்டும். பெரிய மரங்கள் போய்விட்டன. இருக்கிற பொந்துக்கும் வந்த கிளியோடு போட்டி. 1980களில் பத்துப் பன்னிரண்டு பறவைகளுக்கு வந்துவிட்டது. இன்று அவற்றில் பெரும்பகுதி மனிதர்கள் மரத்தில் கட்டிய பெட்டியில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் யாராவது கயிறு கட்டி மரம் ஏறி, பெட்டியைச் சுத்தம் செய்து, குஞ்சை எடைபோட்டு இறக்கவேண்டும். நடுவில் 2005ஐ ஒட்டி அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய் பரவி நிறையப் பறவைகளைப் பாதித்தது. 750 என்ற எண்ணிக்கை அதையெல்லாம் தாண்டி வந்த எண்ணிக்கை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காடு. டச்சுக்காரர்கள் 1598இல் வந்திறங்கியபோது தீவு முழுக்க மரம், மனிதர் இல்லை. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் நாட்டுக் காடு நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. நாம் சாலையோரம் பார்க்கிற பச்சையில் பெரும்பகுதி வந்தேறிச் செடி. ப்ளேன் ஷாம்பாஞ்ஞில் குளிர்காலத்தில் குடும்பத்தோடு போய்ச் சீனக் கொய்யா பறித்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்போமே, அதுவும்தான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தக் கொய்யா விழுந்த இடத்திலெல்லாம் முளைத்து, கை நுழையாத வேலிபோல் அடர்ந்து, நாட்டு மரத்தின் கன்று தலைதூக்க இடமே கொடுப்பதில்லை. பன்றியும் குரங்கும் தின்று விதையை இன்னும் பரப்புகின்றன. பிளாக் ரிவர் தேசியப் பூங்காவில் அரசாங்கம் சில இடங்களை வேலி போட்டுக் கொய்யாவை வேரோடு களைந்து வைத்திருக்கிறது. வேலிக்கு உள்ளே ஒரு காடு, வெளியே வேறு காடு. பார்த்தாலே தெரியும்.

களை பிடுங்குவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் இலோ செக்ரெத். என் பிள்ளைகளுக்கு அதைக் கொக்குத் தீவு என்று தமிழ்ப்படுத்திச் சொல்வேன், அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் பொருளும் அதுதான். மொத்தம் 26 ஹெக்டேர், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தரை முழுக்கப் பவளப் பாறை, கத்திபோல் விளிம்பு. தென்கிழக்குக் கடலோரக் காடு எப்படி இருந்தது என்று பார்க்க மிஞ்சியிருக்கும் கடைசி இடம் அதுதான். விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், போர்க்காலத்தில் பீரங்கி வைத்தார்கள். 1965இல் காப்புத் தீவாக அறிவித்தார்கள். அறக்கட்டளை அங்கே வேலையைத் தொடங்கியபோது சூபாபுல்தான் மண்டிக் கிடந்தது, நீங்கள் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தால் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற அந்தச் சவுண்டல் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பிடுங்கினால் மண்ணில் கிடக்கிற விதை அடுத்த மழைக்கு எழும். பாறை இடுக்கில் வேர் போயிருந்தால் கையால் இழுத்து வராது, சின்னக் கடப்பாரையால் நெம்பவேண்டும். நான்கு பேர் ஒரு காலை முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு வகுப்பறை அளவு இடம் சுத்தமாகும். சில மாதம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி போகவேண்டும். எனக்குத் தெரிந்து இதற்குக் கடைசி நாள் என்று ஒன்று வந்ததில்லை.

1991இல் அங்கிருந்து எலிகளை ஒழித்தார்கள். அதன்பிறகுதான் புறாவும், நாட்டுச் சிட்டும், வெள்ளைக்கண்ணியும், பெரிய அரணையும் அங்கே குடியேற முடிந்தது. 2000இல் அல்டாப்ராத் தீவின் பெரிய ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த நாட்டு ஆமைகளை மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள், அவை செய்துவந்த வேலையைச் செய்ய வேறு ஆள் வேண்டியிருந்தது. அது என்ன வேலை என்பதை ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைதான் எனக்குக் காட்டினான். பாதையோரம் ஆமை போட்டுக் காய்ந்த சாணத்தை ஒரு குச்சியால் கிளறி, "டீச்சர், உள்ளே கொட்டை" என்றான். வைக்கோல் நாருக்கு நடுவே பழுப்பு நிறத்தில் மூன்று நான்கு விதைகள், சதை எல்லாம் போய்ச் சுத்தமாக, கழுவி வைத்ததுபோல். அந்தத் தீவின் கருங்காலி. கூட வந்த வழிகாட்டி அதைக் கையில் வாங்கி, ஆமை வயிற்றில் போய்வந்த விதை மற்றதைவிட நன்றாக முளைக்கிறது என்று விளக்கினார். பிறகு பிள்ளையைக்கொண்டே அதே இடத்தில் திருப்பி வைக்கச் சொன்னார். இந்த நாட்டுக் கருங்காலி மரங்களைத்தான் அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போனார்கள். தாய்மரத்தின் கீழேயே விழுந்து வீணாகிக்கொண்டிருந்த விதைக்கு இப்போது நடந்து போக ஒரு வாகனம் கிடைத்திருக்கிறது.

2020 உங்களுக்கே நினைவிருக்கும். ஜூலை 25 இரவு வகாஷியோ கப்பல் புவேந்த் தெஸ்னிக்கு வெளியே பவளத்திட்டில் ஏறியது. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. ஆகஸ்ட் 6 எண்ணெய் கசிந்தது, ஏறக்குறைய 1,000 டன். காலையில் கதவைத் திறந்தாலே தொண்டை எரியும். கரும்புத் தோகையைத் துணிப் பையில் அடைத்துத் தைத்து, மிதப்பதற்கு வெற்றுப் பிளாஸ்டிக் பாட்டில் கட்டிக் கடலில் விட்டோம். கோயில், மசூதி, தேவாலயம் என்று பார்க்காமல் ஊரே கடற்கரையில் உட்கார்ந்து தைத்தது. என் விரல்நுனிகளில் கறுப்பு போக வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தக் கசிவின் பாதையில் நேராக இருந்தது கொக்குத் தீவு. அறக்கட்டளைக்காரர்கள் நாற்றங்காலில் இருந்த ஆயிரக்கணக்கான கன்றுகளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் சிலவற்றைப் பிடித்துப் பிளாக் ரிவர் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்துக் குட்டித் தீவுகளில் வாழும் சின்ன அரணைகளையும் பல்லிகளையும் சேகரித்தார்கள். அவற்றில் ஒரு பகுதி விமானத்தில் ஜெர்சிவரை போனது, இங்கே ஏதாவது ஆனால் இனம் அற்றுப்போகக் கூடாது என்று. தீவில் தினமும் ஆள் இருந்ததால், எந்தச் செடி எந்தப் பாத்தியில், எந்தப் பறவை எந்த மரத்தில் என்று தெரிந்திருந்ததால், அந்த ஒரு வாரத்தில் அது முடிந்தது. "பறவைதான் பெருகிவிட்டதே" என்று 2015இலேயே ஆட்களை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால் யார் எதைத் தூக்கியிருப்பார்கள்?

வௌவால் விஷயத்தில் அறக்கட்டளைமேல் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் உண்டு, தெரியும். லிச்சிக் காலத்தில் முற்றத்து மரத்தை ஒரே இரவில் காலி செய்துவிடுகிறது என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறது. 2015இல் அரசாங்கம் 30,000க்கு மேல் சுட்டது, 2016இலும் 2018இலும் மறுபடி சுட்டது. அறக்கட்டளை எதிர்த்தது. நான் அவர்கள் பக்கம். காட்டில் பெரிய விதைகளைத் தூரம் தூரமாகக் கொண்டுபோய்ப் போட இன்று அந்த வௌவாலைவிட்டால் பெரிதாக ஆள் இல்லை. டோடோ இல்லை, நாட்டு ஆமை இல்லை. பழத்தைக் கெடுப்பதில் கொண்டைக்குருவிக்கும் எலிக்கும் காற்றுக்கும்கூடப் பங்கு உண்டு. நாங்கள் இப்போது மரத்தை அளவாகக் கவாத்து செய்து வலை போடுகிறோம். வலையை இழுத்துக் கட்டவேண்டும், தொளதொளவென்று விட்டால் வௌவால் சிக்கிச் சாகும். லிச்சி எங்களுக்குக் கிடைக்கிறது, சொந்தக்காரர்களுக்கும் கொடுக்கிறோம்.

மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரிக் தீவிலும் அறக்கட்டளை வேலை செய்கிறது. 1980இல் அங்கே ஓர் ஆசிரியர் பிள்ளைகளிடம் ஊர்ச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு பையன் சாலையோரப் புதரிலிருந்து ஒரு கிளையைக் கொண்டுவந்தான். அழிந்தே போய்விட்டது என்று எழுதிவைத்திருந்த கஃபே மரோன் செடி. உலகத்தில் அந்த ஒன்றுதான். செய்தி பரவியதும் மருந்துக்கென்று ஆட்கள் வந்து ஒடித்தார்கள், வேலிக்குமேல் வேலி போடவேண்டியதாயிற்று. லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன துண்டு வேர்பிடித்தது, பூத்தது, ஆனால் பல வருடம் காய்க்கவே இல்லை. பிறகு அங்கே விதை எடுத்தார்கள், ரொட்ரிக்குக்குக் கன்றுகள் திரும்பின. முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான், அந்தப் பையனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டி நான் கவனிக்காமல் விட்டது எதுவோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

வடக்கே இருக்கும் வட்டத் தீவைப் பற்றி நான் நேரில் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே யாரும் சும்மா போக முடியாது. ஆடும் முயலும் தின்று மொட்டையாக்கிய தீவு. 1986க்குள் இரண்டையும் ஒழித்தார்கள், பனைகள் எழும்புகின்றன. எலி என்றுமே ஏறாத தீவு என்பதால் அங்கே போகிற ஒவ்வொரு மூட்டையையும் முதலில் பிரித்துச் சோதிப்பார்கள். ஒரு சினை எலி போதும்.

சரி, உங்கள் பணம். அது தீனிப் பெட்டிக்கும், பெட்டியை நிரப்பக் காட்டில் தங்கும் ஆட்களுக்கும், படகு எண்ணெய்க்கும், நாற்றங்காலுக்கும் போகும். விளம்பரப் பலகை வைக்கிற மாதிரி வேலை எதுவும் அதில் இல்லை என்பதைக் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வரக்கூடாது. பணத்தைவிட எனக்கு உங்களிடம் வேண்டியது இரண்டு. கிராண்ட் பாஸான் புனிதக் குளத்துக்குப் போகும்போது குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆஞ்சநேயர் பக்தியால் போடுகிறார்கள், தெரியும். ஆனால் அந்தக் குளத்தை ஒட்டித்தான் காடு, அங்கே கொழுக்கும் குரங்கு புறாவின் கூட்டில் முட்டையைத் தேடும். வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் குட்டிகளைக் காட்டோரம் விட்டுவருவதும் அப்படியே.

மற்றது, ஆள். பன்னிரண்டு பேர் ஒரு சனிக்கிழமை கொக்குத் தீவில் களை பிடுங்க வரமுடியுமா என்று கேட்டுப்பாருங்கள். படகு புவேந்த் ஜெரோமிலிருந்து. தேதியை நான் அறக்கட்டளையோடு பேசி வாங்கித் தருகிறேன். பாறை கூர்மை, ஆகவே செருப்பு வேண்டாம், மூடின சப்பாத்து. கிளம்புமுன் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், விதை ஒட்டியிருக்கும். தொப்பி, தண்ணீர், தடித்த கையுறை. மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.